படிவத்தில் எழுதிய வீடு

அக்கா தொலைபேசியில் நேராக விஷயத்துக்கு வருகிற ஆள் அல்ல. விலைவாசியில் தொடங்கி, மூட்டுவலிக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரியின் மருமகளைத் தொட்டுவிட்டுத்தான் சொல்ல வந்ததைச் சொல்லுவாள். அன்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்.

"அப்பா குளியலறையில விழுந்துட்டார். இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. மூணு மாசம் படுக்கைதான். எனக்கோ இந்த மாசக் கடைசியில கர்ப்பப்பையை எடுக்கணும்னு தேதி குடுத்துட்டாங்க. ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக்கூடாதாம்."

"ஆள் வெச்சுப் பாக்கலாமே."

"வெச்சேன்டி. ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேரும் மூணு நாள் தாங்கல. அவர் வாய்தான் உனக்குத் தெரியுமே. நீ வா. உனக்குத்தான் வீட்டுல இருந்தே வேலையாச்சே, அதை இந்த வீட்டுல வந்து பாரேன்."

சின்னவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதாகி, காதோரம் நரைத்துவிட்ட பிறகும் அவள் அந்த வீட்டுக்குச் சின்னவள்தான், அக்கா பெரியவள். ஆனால் சின்னவள் அந்த வீட்டுப் படியேறிப் பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன. லேத் பட்டறையில் வேலை பார்க்கிற, முதல் கல்யாணம் முறிந்துபோன ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் பிடித்த பிடியில் நின்றபோது, அப்பா கையை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. "இனி உனக்கு இந்த வீடு இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அம்மா செத்த சேதிகூட ஒரு வாரம் கழித்து, அக்கா சொல்லித்தான் வந்தது. அக்காவும் அதுவரை அப்பா பக்கம் நின்றவள்தான். அம்மா போன பிறகுதான் தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே அவளுக்கு வந்தது.

"போயிட்டு வா" என்றார் கணவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "எனக்குச் சோறு பொங்கத் தெரியும். படுத்துக் கிடக்கிற ஆளு மேல கோபம் எதுக்கு?"

கோபம் இருக்கட்டும், முதலில் வேலை என்ன சொல்கிறதென்று பார்க்க வேண்டும். சின்னவளுடைய வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் அறிக்கைகளைச் சரிபார்ப்பது. டாக்டர்கள் ஸ்கேன் படங்களைப் பார்த்து வாயால் சொல்லுவார்கள். கணினி அதைக் கேட்டு எழுதும். கணினி எழுதியது சரியா என்று மனிதக் காதால் கேட்டுத் திருத்துவது அவள் பொறுப்பு. 'வலது' என்பது 'இடது' ஆனால் ஒருவருக்கு நல்ல சிறுநீரகம் போய்விடும். ஒரு 'இல்லை' விட்டுப்போனால் இல்லாத கட்டி முளைத்துவிடும். ஆறு வருடங்களாகப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் தெரியாத ஆயிரம் பேருடைய நுரையீரலையும் ஈரலையும் அவள் காதால் பார்த்திருக்கிறாள்.

மேற்பார்வை பார்க்கும் அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் கண்கொத்தி. அவர் கண்ணில் படாமல் ஒரு எறும்பு வேலைக்கு வர முடியாது. சின்னவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் விதியைத்தான் முதலில் எடுத்தார்.

"வொர்க் ஃப்ரம் ஹோம் வேற, ரிமோட் வேற. நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. ரிமோட்னா எங்க வேணும்னாலும் உக்காந்து செய்யலாம், வேலை முடிஞ்சா சரி. நமக்குக் குடுத்திருக்கிறது அது இல்லம்மா. நமக்குக் குடுத்தது வீடு. படிவத்துல எழுதின வீடு. அதுல ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்."

"இதுவும் வீடுதான் மேடம். எங்கப்பா வீடு."

"அப்பா வீடு உங்க வீடா?" என்று கேட்டவர், உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. படிவம் கேக்கிற கேள்வி அது. போன வருஷம் ஒருத்தர் ரயில்ல உக்காந்து அறிக்கை திருத்தியிருக்கார். பக்கத்து சீட்ல இருந்தவர் அந்த நோயாளியோட மச்சான். டாக்டர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுல அழுகை ஆரம்பிச்சாச்சு. அதுல இருந்து மேல இருக்கிறவங்க ரொம்பக் கறார்."

சம்பளமில்லாத விடுப்புக் கேட்கச் சின்னவளுக்குத் துணிவு வரவில்லை. பதினெட்டுப் பேர் இருந்த குழுவில் பதினொரு பேர்தான் மிச்சம். கணினிக்குக் காது கூர்மையாகிக்கொண்டே போனது. விடுப்பில் போனவர்களின் நாற்காலி அவர்கள் திரும்பி வரும்போது இருப்பதில்லை. கடைசியில் கண்கொத்தியே ஒரு வழி சொன்னார். கையிருப்பில் இருக்கிற இரண்டு வார விடுப்பை எடுத்துக்கொள்ளட்டும். அதற்குள் முகவரியை மாற்றிவிடட்டும். 'இவர் என் வீட்டில் வசிக்கிறார்' என்று வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும்.

போதும் என்ற சொல்லைக் கேட்டுச் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

*

அப்பாவின் கட்டிலை முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். நீளமான வராந்தா ஒன்று பின்கட்டுக்குப் போனது. அவள் பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது அவர் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"நான்தான்."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. அடையாளம் தெரிந்துகொள்ளத் தேவையான நேரம், அவ்வளவுதான். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்து, "பெரியவளைக் கூப்பிடு" என்றார்.

அன்றிலிருந்து அவர் சுவரோடு பேசத் தொடங்கினார். "தண்ணி வேணும்" என்று சுவரிடம் சொல்லுவார். சின்னவள் கொண்டுவந்து கொடுப்பாள். "முதுகு எரியுது" என்பார். அவள் புரட்டிப் படுக்கவைப்பாள். சுவருக்குக் காது உண்டென்று சொல்லுவார்கள். அந்த வீட்டுச் சுவருக்குக் கையும் காலும்கூட முளைத்துவிட்டதென்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முப்பத்து நாலு வருடம் சைக்கிள் மிதித்த தபால்காரரின் கால்கள் அவை. இப்போது ஒரு காலைத் தூக்கி மறு காலுக்குப் பக்கத்தில் வைக்க அவள் இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூத்திரச் சட்டியை வைக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவளும் ஜன்னல் பக்கம் பார்ப்பாள்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும், அந்தக் கடித விஷயம் உட்பட. "நானே போட்டுத் தரேன். பள்ளிக்கூடத்துல மார்க்கு அட்டையில நாம போடாத கையெழுத்தா?" என்றாள்.

"வேண்டாம்க்கா."

"ஏன், பயமா?"

பயமில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை. "பொய் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா மருத்துவமனைக்குப் போன மறுநாள் காலையில், அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டு, சின்னவள் அந்தத் தாளை அவர் மார்பின்மேல் வைத்தாள். எழுத வேண்டியதையெல்லாம் எழுதியிருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார். பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாகச் சுவரை விட்டுவிட்டு அவளிடம் பேசினார்.

"வசிக்கிறார்னு எழுதியிருக்கே."

"ஆமாம்."

"ஒரு ஆள் ஒரு வீட்டுல இருக்காங்களா இல்லையான்னு சொல்றதுதான் நான் பாத்த உத்தியோகம். வந்து தங்கறவங்க வேற. இருக்கிறவங்க வேற. நீ பெட்டியைக்கூட இன்னும் காலி பண்ணல. பாதி துணி பெட்டிக்குள்ளதான் இருக்கு. பொய்க்கு நான் கையெழுத்து போட்டதில்ல."

"அப்போ நான் யாரு இங்க?"

"விருந்தாளி."

சின்னவளுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. "மூத்திரம் அள்ற விருந்தாளியை எந்த ஊர்லயாவது பாத்திருக்கீங்களாப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். தாளையும் மடித்தார். இரண்டையும் அவளிடமே நீட்டினார்.

*

விடுப்பு முடிய நான்கு நாட்கள் இருந்தன. சின்னவள் கண்கொத்தியை அழைத்தாள்.

"வீட்டுக்காரர் கையெழுத்துப் போடமாட்டேங்கிறார் மேடம்."

"வீட்டுக்காரர்னா, உங்க அப்பாதானே?"

"ஆமாம்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "இன்னொரு வழி இருக்கு" என்றார். "உங்க பேருக்கு அந்த முகவரிக்குப் பதிவுத் தபால் ஒண்ணு அனுப்பறோம். அந்த வீட்டுல வெச்சு அது உங்க கையில சேர்ந்துச்சுன்னா ஒப்புகைச் சீட்டு எங்களுக்கு வரும். அது போதும். அப்படி யாரும் இல்லைன்னு திரும்பி வந்துச்சுன்னா, என் கையில ஒண்ணும் இல்லம்மா."

அப்பாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். அவள் பின்கட்டில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டுக் குழாயை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்ணின் குரல்.

"சார், எப்படி இருக்கீங்க? கால் எப்படி இருக்கு?"

அந்தத் தெருவுக்கு இப்போது கடிதம் கொண்டுவருகிற தபால்காரப் பெண் அவள். அப்பா ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து வேலைக்கு வந்தவள். ஆனாலும் அந்த வீட்டைத் தாண்டும்போது ஒரு வார்த்தை பேசாமல் போவதில்லை.

"கால் இருக்கு. நடக்கத்தான் இல்ல" என்றார் அப்பா.

"ஒரு பதிவுத் தபால் சார். பேருதான் புதுசா இருக்கு." அவள் சின்னவளின் பெயரை முழுசாகப் படித்தாள். "இந்தப் பேர்ல இந்த வீட்டுக்கு எதுவும் வந்ததில்லையே. அப்படி யாராவது இருக்காங்களா, இல்ல திருப்பி அனுப்பிடட்டுமா?"

சின்னவள் ஈரக் கையோடு வராந்தாவுக்கு வந்துவிட்டாள். இன்னும் பத்தடி நடந்தால் வாசல். 'நான்தான்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. கால் நகரவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி அங்கேயே நின்றாள். அப்பாவின் தலை மட்டும் கட்டிலின் மேல் தெரிந்தது. அவள் நிற்பது அவருக்குத் தெரியாது.

"சார்?" என்றாள் தபால்காரப் பெண்.

"திருப்பாதே" என்றார் அப்பா. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "திருப்பாதேம்மா. இருக்கா. என் சின்னப் பொண்ணு. உள்ள இருக்கா, கூப்பிடறேன் இரு."

கூப்பிட்டார். அவள் பெயரைச் சொல்லி, உள்வீடு முழுக்கக் கேட்கும்படி, சின்ன வயதில் சாப்பிடக் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டார். சின்னவள் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஈர விரல் பட்டு மை கொஞ்சம் பரவியது. "பரவாயில்ல மேடம், தெரியுது" என்று தபால்காரப் பெண் சீட்டைக் கிழித்துக்கொண்டு போனாள்.

*

பின்கட்டை ஒட்டிய அறைதான் அலுவலகமானது. கண்கொத்தி வீடியோவில் வந்து கதவையும் தாழ்ப்பாளையும் பார்த்தார். ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னார். மேசைக் கால் ஆடுகிறதே என்றார். அப்படியே குரலைத் தாழ்த்தி, "அப்பா சாப்பிடறாரா?" என்றார்.

அதன்பிறகு நாட்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. காலை ஒன்பதுக்குள் அப்பாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீரும் ஒரு மணியும் வைத்துவிட்டு அவள் கதவைச் சாத்துவாள். மணி அடித்தால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஓடுவாள். ஆரம்பத்தில் அவர் மணியைத் தொடவே இல்லை. சட்டி வேண்டுமென்றாலும் அவளுடைய இடைவேளைவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவளுக்கு வேலை கெடக்கூடாது என்று நினைக்கிறார் என்பது அவளுக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது.

"அடக்கிக்கிட்டுக் கிடக்காதீங்கப்பா. மணி அடிக்கத்தான் வெச்சிருக்கேன்."

"முக்கியமான வேலைன்னு சொன்னா பெரியவ."

"இதுவும்தான்."

ஐந்தாவது நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டை அவள் எடுக்கும்போது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

"உங்கம்மாவுக்கு நீ மூணு கடிதம் போட்டே."

அந்தக் கடிதங்களைப் பற்றிச் சின்னவள் ஒருவரிடமும் பேசியதில்லை, அக்காவிடம்கூட. மூன்றும் திரும்பி வந்தன. மூன்றின் மேலும் ஒரே முத்திரை: 'பெறுநர் ஏற்க மறுத்தார்'. அம்மாவே வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்ற அவமானத்தை யாரிடம் போய்ச் சொல்வது? உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிவிட்டாளே என்று அம்மாவின் மேல் மனம் கசந்து, அந்தக் கசப்போடுதான் அம்மாவின் சாவுச் சேதியையும் கேட்டாள்.

"அவ மறுக்கல" என்றார் அப்பா. "அவளுக்கு வந்ததே தெரியாது. என் பையிலதான் வந்துச்சு. நான்தான் முத்திரை குத்தினேன்."

வெளியே ஏதோ வண்டி போனது. அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா கேக்கலையா?"

"கேட்டா." அவர் சுவரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். "தினமும் கேட்டா. சைக்கிளை நிறுத்தறப்பவே கதவுகிட்ட வந்து நிப்பா. எதாவது வந்துச்சான்னு கேப்பா. இல்லன்னு சொல்லுவேன். வராத நாள்லயும் அதான் சொன்னேன், வந்த நாள்லயும் அதான் சொன்னேன். அவளுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

சின்னவள் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். இடைவேளை முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய இதயத்தைக் கேட்டாள். மூன்று முறை கேட்டும் ஒரு வரி பிடிபடவில்லை. நான்காம் முறைதான் டாக்டர் என்ன சொல்கிறார் என்று புரிந்தது.

நான்கு நாட்கள் அவரோடு பேசவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். கோபம் கோபத்தின் பாட்டுக்கு இருந்தது. துவைக்க வேண்டிய துணி அதன் பாட்டுக்குக் குவிந்தது. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். அது அவருக்குத் தெரிந்திருக்கும். கணவரிடம் போனில் சொன்னபோது அவர், "நான் வந்து கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றாள்.

ஐந்தாம் நாள் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்தான் ஆரம்பித்தார்.

"அதுல என்ன எழுதியிருந்தே?"

"நீங்க பிரிச்சுப் படிக்கலையா?"

"அடுத்தவங்க கடிதத்தைப் பிரிக்கிற வழக்கம் எனக்கில்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிதர் விளையாடவில்லை. நிஜமாகவே அதை ஒரு நேர்மையாக இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் யாருக்காவது ஒருநாள் சொல்லியாக வேண்டியிருந்தது.

"ரெண்டாவது கடிதத்துல, எனக்கு மூணு மாசத்துல கலைஞ்சுபோச்சுன்னு எழுதியிருந்தேன். எழுந்து நிக்க முடியல, ஒரு வாரம் வந்து இரும்மான்னு. அவர்கிட்டச் சொன்னா பயந்துடுவார், உன்கிட்டத்தான் சொல்றேன்னு. அதுக்கப்புறம் எனக்குத் தங்கவே இல்ல."

அப்பாவின் கை அவள் கைக்குள்ளேயே இருந்தது. இரண்டு விரல் நகம்தான் வெட்டியிருந்தாள்.

"எந்த மாசம்?"

"மழைக்காலம். ஜன்னலைத் திறக்க முடியாத மழை."

"ஞாபகம் இருக்கு" என்றார் அவர். "அந்த வருஷம் நல்ல மழை. நான் தெப்பமா நனைஞ்சுகிட்டுத்தான் சுத்தினேன். பையை மட்டும் நனையவிடல. ஒரு கடிதமும் நனையல."

சொல்லி முடிக்கும்போது அவர் முகம் கோணிக்கொண்டது. எழுபத்தாறு வயதுக் கிழவர், குரல் வெளியே வராமல், வாயைத் திறந்தபடி அழுதார். சின்னவள் மீதி எட்டு விரல் நகங்களையும் வெட்டிவிட்டுத்தான் எழுந்தாள். அவசரப்படவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்ததால் நகத்தைப் பார்த்து வெட்ட நேரம் பிடித்தது.

*

தன் வீட்டில் ஓய்வில் இருந்த அக்காவுக்கு ஆறு வாரம் எட்டு வாரமானது. அதற்குள் அப்பா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வரத் தொடங்கியிருந்தார். மாதத்தில் பத்து நாள் அந்த வீட்டிலிருந்து வேலை செய்ய ஏற்பாடாயிற்று. படிவத்தில் இரண்டு முகவரிகள் எழுத விதியில் இடமிருக்கிறது என்று கண்கொத்திதான் எங்கிருந்தோ தேடிப் பிடித்துச் சொன்னார். அப்பாவை அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அம்மா கதவருகே நின்று கேட்பது சில நாள் குளிக்கும்போது நினைவு வரும். அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுக்க மாட்டாள். அப்படிப்பட்ட நாட்களில் அவர் தானாகவே மணியைக் கொஞ்சம் மெதுவாக அடிப்பார்.

அவளைக் கூட்டிப்போகக் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்றார். அப்பா நடைச்சட்டத்தோடு வந்து, மூச்சு வாங்கி, "உள்ள வாங்க" என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. "பேசறாரா உன்னோட?" என்று கணவர் கேட்டார்.

"பேசறார்."

கணவர் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவைத்தார். கொஞ்ச தூரம் போனதும் சின்னவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். எட்டு வாரத் தூக்கம் அது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது அவருக்கு எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டி அவளாக விழித்த பிறகு இறங்கி, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வெயிலில் திரும்பி நடந்தார்கள்.